தைலத்துக்குச் செதுக்கிய முகம்

1948 முதல் 1957 வரை ஒன்பது ஆண்டுகளில் சொர்ணம் செதுக்கிய மர அச்சுப் பிளாக்குகள் 413. புதுக்கோட்டை கீழ மூன்றாம் வீதியில் ஆத்மநாதன் நடத்திய அச்சுக்கூடத்தில் டிரெடில் மிஷினை மிதித்தவர் ரெங்கசாமி. எந்தப் பிளாக்கையும் மிஷினில் ஏற்றுவதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒற்றிப் பார்த்து, அந்தத் துண்டைக் கம்பியில் குத்திவைப்பது அவர் பழக்கம். கம்பியில் எண்ணிய எண்ணிக்கைதான் இது. காளை, கப்பல், தாலி, தவில், பல்பொடி டப்பா, பிள்ளையார், பேன் மருந்து, புடவைக்கடைப் பெண். ஒன்றில்கூடச் செதுக்கியவர் பெயர் கிடையாது.

முதலில் இருந்தது. முதல் இருபது பிளாக்குகளின் மூலையில் 'சொ' என்ற எழுத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகச் செதுக்கியிருந்தார். ஆத்மநாதன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, இருபதையும் பேனாக்கத்தியால் சீவி எறிந்தார். "இது என்ன பாத்திரமா, பேரு வெட்டிக்குடுக்க?" என்று கேட்டார். வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்லிவந்தது வேறு: "எல்லாம் மெட்ராஸ் பிளாக்குங்க. தபால்ல வருது."

மெட்ராஸ் தபாலில் எதுவும் வரவில்லை. அச்சுக்கூடத்தின் பின்கட்டில், பைண்டிங் மேசைக்குக் கீழே, சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து வந்தது.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, 1948 ஜூனில், சொர்ணத்துக்கு வயது இருபத்தாறு. கணவர் இறந்து, தம்பி மலையாண்டியின் வீட்டுக்கு வந்து, அச்சுக்கூடத்தில் தாள் மடித்து நூல் தைக்கும் வேலையில் இருந்தார். அந்த மாதம் ஒரு மாதா கோயில் பங்குச் சாமியார் முதுகு பிய்ந்த ஒரு பெரிய புத்தகத்தைத் தைக்கக் கொடுத்தனுப்பினார். ஜெர்மன் மொழிப் புத்தகம். அச்சுக்கூடத்தில் யாருக்கும் ஒரு வரி படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் படம். வைக்கோல் சுமக்கிறவர்கள், ஆற்றைக் கடக்கிற மாடுகள், குளிரில் குனிந்து நிற்கிற கிழவர்கள். கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். ஆனாலும் கிழவர்களுக்குக் குளிர்வது தெரிந்தது.

ஒரு நாளில் தைத்து முடிக்க வேண்டிய புத்தகத்தை மூன்று வாரம் வைத்துக்கொண்டார் சொர்ணம். பசை காயவில்லை என்றார். நூல் போதவில்லை என்றார். அந்த மூன்று வாரமும் அவர் பார்த்தது ஒன்றைத்தான்: கறுப்பாக விழுந்தது மேடு, வெள்ளையாக நின்றது பள்ளம். மரத்தில் எதைத் தோண்டி எடுக்கிறோமோ அது வெளிச்சம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இரண்டே எழுத்து இருந்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் அது செதுக்கியவன் பெயர் என்று அவருக்குப் புரிந்தது.

வெப்பாலை மரத்துண்டு ஒன்றில் முதன்முதலாகத் தம்பியின் ஆட்டைச் செதுக்கினார். மை தடவி ஒற்றியதும் ஆடு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது. ரெங்கசாமி சிரித்தார். அடுத்த ஆட்டைச் சொர்ணம் திருப்பிப்போட்டுச் செதுக்கினார். கருவி யாரும் தரவில்லை. கிழிந்த குடைகளை வாங்கி, அந்தக் கம்பிகளின் நெடுகிலும் ஓடுகிற பள்ளத்தைக் கவனித்து, துண்டு துண்டாக வெட்டி, நுனியைச் சாணை பிடித்து, மூங்கில் பிடி போட்டுக்கொண்டார். மெல்லிய கோட்டுக்குச் சின்னக் குடை, அகலக் கோட்டுக்குப் பெரிய குடை. ஆத்மநாதன் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. தைக்கிற வேலையையும் குறைக்கவில்லை.

1954இல் ஒரு வைத்தியர் தலைத் தைலத்துக்கு லேபிள் அடிக்க வந்தார். நல்ல முடியும் மீசையுமாக ஓர் ஆண் முகம் வேண்டும் என்றார். அச்சுக்கூடத்தில் யாருக்கும் அப்படி ஒரு தலை இல்லை. சொர்ணம் மாலையில் வீட்டில் தம்பியை எதிரே உட்கார வைத்தார்.

மலையாண்டி ஆட்டு வியாபாரி. கறம்பக்குடிச் சந்தைக்கும் பக்கத்து ஊர்களுக்கும் ஆடு ஓட்டிப்போய் விற்பவர். சுருட்டை முடி, முறுக்கிய மீசை, இடது புருவத்தை இரண்டாக வெட்டிய ஒரு தழும்பு. சின்ன வயதில் கிடாய் முட்டியது. அக்கா அந்தத் தழும்பையும் விடவில்லை.

"இது எதுக்கு?" என்றார் ஆத்மநாதன், ஒற்றிய தாளைப் பார்த்து. "தைலத்துக்குத் தழும்பு எதுக்கு சொர்ணம்? எடுத்துரு."

"அவனுக்கு அது இருக்குங்களே."

"இருந்தா? லேபிள்ல எவன் பாக்கப்போறான்?"

"நான் பாப்பேன்."

வைத்தியருக்கு அவசரம். தழும்போடு அச்சானது. தைலம் இரண்டு மாதத்தில் நின்றுபோனது. பிளாக் மட்டும் அச்சுக்கூடத்தில் 'ஆள்' என்று எழுதிய இழுப்பறைக்குள் போனது.

அந்த இழுப்பறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் பெரியவர் முகம் ஒன்று, நடுவயது ஆண் ஒன்று, பொட்டு வைத்த அம்மாள் ஒன்று, பொட்டில்லாத அம்மாள் ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு முகங்கள் கிடந்தன. யார் வந்து எந்த நோட்டீஸ் கேட்டாலும் அதிலிருந்து ஒன்று. அந்தப் பெரியவர் முகம் மட்டும் பதினோரு கருமாதிப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. எந்த வீட்டாரும் சண்டைக்கு வரவில்லை. படம் என்றால் ஓரத்தில் போடுகிற பூ மாதிரி ஓர் அலங்காரம், ஆளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டவுனில் எல்லாருக்கும் தெரியும். டவுனுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதை யாரும் யோசிக்கவும் இல்லை.

1957 பொங்கல் கழிந்த மறுவாரம். அறந்தாங்கிப் பக்கம் அரிசி மில் வைத்திருந்த குழந்தைசாமி அச்சுக்கூடத்துக்கு வந்தார். அவருடைய கணக்கப்பிள்ளை வீட்டு நகைகளோடு ஓடிப்போயிருந்தான். 'இந்தத் திருடனைக் கண்டால் பிடித்துக் கொடுக்கவும், தக்க சன்மானம் உண்டு' என்று நோட்டீஸ் வேண்டும்.

"போட்டோ இருக்குங்களா?" என்று கேட்டார் ஆத்மநாதன்.

"ஏதுங்க போட்டோ? மூணு வருசம் என் வீட்டுல சாப்பிட்டான். குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டே இருப்பான். நல்லவன்னு நெனச்சேன்."

"படம் இல்லாத நோட்டீச ஆடுகூடத் திங்காதுங்க. இருங்க, ஒண்ணு போட்ருவோம்."

"அவன் மாதிரி இருக்குமா?"

"எல்லாருக்கும் கண்ணு ரெண்டுதானுங்களே."

சொர்ணம் அன்று அரிமளத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். ரெங்கசாமி இழுப்பறையைத் திறந்தார். பெரியவர் முகம் தேய்ந்திருந்தது. நடுவயது ஆண் அதற்கு முந்தைய நாள் விரிசல் விட்டிருந்தது. கைக்குக் கிடைத்தது தைலத்துக்காரன். ரெங்கசாமிக்கு அது மலையாண்டி என்று தெரியும். தெரிந்தேதான் ஏற்றினார். படத்தை வைத்து ஆளைப் பிடிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வருடம் அங்கே இருந்த சொர்ணத்துக்கும் அதுவரை தோன்றியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னால் அவருக்கு வந்த கோபத்தில் பாதி தன்மேல்தான்.

மில் ஆட்கள் பதினேழு ஊர்களில் கஞ்சி தடவி ஒட்டினார்கள்.

கறம்பக்குடிச் சந்தையில் கயிறு விற்கும் பிச்சையின் கடைக்கு எதிரே இருந்த கம்பத்திலும் ஒன்று. பிச்சைக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொன்னார்கள். பத்து நாள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கயிறு விற்றார். பதினோராம் நாள், பிளந்த புருவமும் முறுக்கு மீசையுமாக அந்த முகம் ஆடு ஓட்டிக்கொண்டு சந்தைக்குள் வந்தது.

மரத்தில் அத்தனை துல்லியமாகச் செதுக்கியிருக்காவிட்டால் அன்று எதுவும் நடந்திருக்காது.

பிச்சைதான் முதலில் பிடித்தார். பிறகு யார் யாரென்று கணக்கில்லை. மலையாண்டி கத்தியதெல்லாம் ஒரே விஷயம்: "யோவ், அது தைலத்துக்குப் போட்ட படம்யா! எங்கக்கா செதுக்குனதுய்யா!" சந்தையே சிரித்தது. அடித்துக்கொண்டே சிரித்தது. இரண்டு பல் போனது. இடது கைச் சுண்டுவிரல் முறிந்தது. வலது காதில் ரத்தம் வந்தது. மாட்டுவண்டியில் கட்டிப்போட்டு அறந்தாங்கி மில்லுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைசாமி வெளியே வந்து பார்த்தார். "இவன் இல்லியேப்பா" என்றார். ஒரு டம்ளர் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஓட்டி வந்த ஆடுகள் சந்தையில் எங்கெங்கோ போயின.

மலையாண்டி வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலை சொர்ணம் அச்சுக்கூடத்துக்குப் போனபோது கையில் அந்த நோட்டீஸ் இருந்தது.

"இது என்னங்க?"

ஆத்மநாதனுக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது. "கேள்விப்பட்டேன். பாவம். ஆஸ்பத்திரிச் செலவு நான் பாத்துக்கிறேன்."

"செலவு கேக்கலைங்க. மறுப்பு நோட்டீஸ் அடிங்க. படம் தப்பு, இவரு அந்த ஆளு இல்லைன்னு போடுங்க. அதே பதினேழு ஊருல ஒட்டுங்க."

"மறுப்பு போட்டா நாம மொதல்ல போட்டது பொய்யின்னு ஆயிரும்ல?"

"பொய்தானேங்க?"

"ஏம்மா, நாளைக்கு எலெக்சனுக்கு வேட்பாளருக எல்லாம் நோட்டீஸ் அடிக்க வர்ற நேரம். இந்த பிரஸ்ல பொய்யா அடிப்பாங்கன்னு ஊருக்குள்ள பேராச்சுன்னா? ரெங்கசாமி, நீ சொல்லுய்யா."

ரெங்கசாமி மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு சொட்டு விட்டார்.

"யாரும் வேணும்னு செய்யல சொர்ணம்," என்றார் ஆத்மநாதன்.

இதைச் சொல்ல ஒரு கூட்டமே இருந்தது. பிச்சை வேண்டுமென்று செய்யவில்லை. குழந்தைசாமி வேண்டுமென்று செய்யவில்லை. யாருமே வேண்டுமென்று செய்யாத ஒன்றுக்காக ஒரு மனிதன் வீட்டுக்குள் ஒரு பக்கக் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தான்.

சொர்ணம் வீட்டுக்குப் போனார். ஒரு முழு வெப்பாலைப் பலகையை எடுத்துத் தம்பியின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நாள் செதுக்கினார். அதே முகம், அதே புருவம். வீங்கி மூடிய கண், கிழிந்த உதடு, காதைச் சுற்றிய துணிக்கட்டு. வீக்கத்துக்கு வளைந்த கோடுகள், ரத்தம் காய்ந்த இடத்துக்குக் குறுக்குக் கோடுகள். அவர் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான், சிறந்த வேலையும் அதுதான். அச்சுக்கூடம் அடிக்காவிட்டால் கையாலேயே தேய்த்து நூறு பிரதி எடுத்துத் தானே ஒட்டுவது என்று முடிவு செய்திருந்தார். அடியில் வைக்க எழுத்தையும் யோசித்துவைத்திருந்தார்: 'இவனை அடித்தவர்கள் வந்து பாருங்கள்.'

முதல் பிரதியைத் தம்பியிடம் காட்டினார். மலையாண்டி வாங்கிப் பார்த்தார்.

"நல்லாருக்கா?" என்றார் சொர்ணம்.

"என்னயவே கேக்குறியே. நல்லாத்தான் இருக்கு. எரிச்சுரு."

"ஏண்டா?"

"எத்தன ஊருல ஒட்டப்போற?"

"பதினேழு."

"ஏற்கெனவே பதினேழு ஊரு எம் மூஞ்சியப் பாத்துருச்சு. மறுபடியும் பாக்கணுமா? மொதத் தடவ திருடன், இப்ப அடிவாங்குனவன். அடுத்து என்னவாப் போடுவ?"

"ஒனக்காகத்தானேடா..."

"எனக்காகன்னா எங்கிட்டல்ல கேக்கணும்? தைலத்துக்குப் போட்டப்பவும் கேக்கல. இப்பவும் கேக்கல." பல் போன இடத்தில் காற்று சீறியது. "ஒட்டுனதக் கிழிக்கச் சொல்லுக்கா. அவ்வளவுதான். எந்தச் சுவத்துலயும் நான் இருக்கக்கூடாது. நாளைக்கு ஆடு ஓட்டிக்கிட்டுப் போனா என்னய நானே சுவத்துல பாக்கக்கூடாது."

மலையாண்டியின் மனைவி செவந்தி அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள்: "கட்டைய இங்கிட்டுக் குடுங்க. சோறு வேகல."

சொர்ணம் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் வேலை ஓர் உலைக்கு ஆனது. அந்தக் கோபம் தீர இடம் வேண்டியிருந்தது. இடம் தயாராக இருந்தது.

பிப்ரவரியில் தேர்தல் சின்னங்கள் ஒதுக்கப்பட்டன. வாக்குப்பதிவு மார்ச்சுத் தொடக்கத்தில். ஆத்மநாதனிடம் மூன்று சுயேச்சைகள் முன்பணம் கொடுத்திருந்தார்கள்: ஒருவருக்கு விளக்கு, ஒருவருக்குப் படகு, ஒருவருக்கு சைக்கிள். படிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள். படம் இல்லாமல் நோட்டீஸ் இல்லை. மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு பிளாக் வருவதற்கு எட்டு நாள் ஆகும். உண்மையான மெட்ராஸ் பிளாக்குக்கு.

சொர்ணம் வழக்கம்போல வந்தார். சாக்கை விரித்தார். குடைக்கம்பி உளிகளை வரிசையாக அடுக்கினார். உட்கார்ந்தார். ஒன்றையும் கையில் எடுக்கவில்லை.

"சைக்கிள் எங்க?" என்றார் ஆத்மநாதன்.

"சுவத்துல இருக்குங்க. பதினேழு ஊருல."

"வெளயாடாத சொர்ணம். ஆளு வாசல்ல நிக்குறாரு."

"நீங்க வந்து கிழிக்கணும். ஆள அனுப்பக்கூடாது. நீங்களே சொரண்டணும். நானும் வாரேன்."

"நான் சுவத்தச் சொரண்டணுமா? நானு?"

"திருடன்னு ஒட்டுனது யாருங்க, நானா?"

இரண்டு நாள் ஆத்மநாதன் தாங்கினார். மூன்றாம் நாள் விளக்குச் சின்னத்துக்காரர் திருச்சிக்குப் போய் அடித்துக்கொள்வதாகச் சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அன்று மத்தியானமே ஒரு வாடகைக் கார் வந்தது. அதில் தண்ணீர் வாளி, தேங்காய் மட்டை, ஒரு சுரண்டுகத்தி. முன்சீட்டில் மல் வேட்டியோடு ஆத்மநாதன். பின்சீட்டில், ஊர்ப் பட்டியலோடு சொர்ணம்.

மூன்று நாள். ஒவ்வொரு சுவரிலும் ஆத்மநாதன் தண்ணீர் அடித்து, ஊறவிட்டு, சுரண்டினார். மீசையின் ஒரு நுனி ஒட்டிக்கொண்டிருந்தாலும் சொர்ணம் காட்டுவார். "அந்த ஓரம்." சனங்கள் கூடுவார்கள். மல் வேட்டி கட்டிய முதலாளி ஒருவர் சுவரைக் கழுவுவதை யார் பார்த்திருக்கிறார்கள்? என்னவென்று கேட்பார்கள். "தேதி முடிஞ்சுபோச்சு" என்பார் ஆத்மநாதன். "தேதி இல்லைங்க. உள்ளதச் சொல்லுங்க" என்பார் சொர்ணம். உள்ளதைச் சொல்லும்வரை காரில் ஏறமாட்டார்.

கறம்பக்குடியைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். வேண்டுமென்றேதான், சந்தை நாளாகப் பார்த்து.

ஆத்மநாதன் கம்பத்தில் தண்ணீர் அடிக்கும்போதே பிச்சை கயிற்றுச் சுருளை வைத்துவிட்டு வந்தார். "ஏங்க சொரண்டுறீங்க? நெசமான திருட்டுப்பய அகப்பட்டுட்டானா?"

"இல்லப்பா. படம் மாறிப்போச்சு."

"எப்புடி மாறும்? அன்னைக்கு நாங்க புடிச்ச ஆளு அச்சு அசலா இதே மூஞ்சியில்ல?"

கூட்டம் நெருங்கியது. ஆத்மநாதன் சுற்றிலும் பார்த்தார். சுரண்டுகத்தியால் சொர்ணத்தைக் காட்டினார். "என்னையக் கேட்டா? செதுக்குனது இந்தப் பொம்பள. அதக் கேளுங்க."

ஒன்பது வருடத்தில், நானூறு பிளாக்குகளுக்கு மேல், ஆத்மநாதன் அதை வெளியாள் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆமா," என்றார் சொர்ணம். குரல் சந்தைக்கே கேட்டது. "நாந்தான் செதுக்குனேன். எந்தம்பி மூஞ்சி. தலைத் தைலத்துக்குச் செதுக்குனேன். அதுக்கடியில திருடன்னு எழுத்துக் கோத்தது இவுக பிரஸ்ல. படம் பொய்யின்னு தெரிஞ்சும் வாயத் தெறக்காம இருந்ததும் இவுகதான்."

பிச்சை மெதுவாகச் சொன்னார்: "தைலம் தைலம்னுதான் கத்துனான்மா. நாங்க சிரிச்சோம்."

"தெரியும். அவன் சொன்னான்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப இந்த ஆளயில்ல நாலு சாத்தணும்!" இரண்டு மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். ஆத்மநாதன் காரைப் பார்த்தார். கார் தூரத்தில் நின்றது.

சொர்ணம் அவருக்கு முன்னால் போய் நின்றார். "மேல யாரும் கை வைக்காதீங்க. ஒங்க அடிய நான் பாத்தாச்சு. ஆளு யாருன்னு விசாரிக்காம அடிக்கிற அடி. இவுக கையி ஒடஞ்சா அங்கிட்டு இன்னும் ரெண்டு சுவரு இருக்கு, அத யாரு சொரண்டுறது? நீங்களா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. பிச்சை வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்கு நடந்தார். ஆத்மநாதன் அவர் பின்னால் போனார். மிச்சம் இரண்டையும் இருவரும் சேர்ந்து சுரண்டினார்கள். பிச்சை கும்பிட்டபோது சொர்ணம் பதிலுக்குக் கும்பிடவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் புதுக்கோட்டை திரும்பியதும் சொர்ணம் 'ஆள்' இழுப்பறையைத் திறந்து தைலத்துக்காரனை எடுத்தார். இழைப்புளி போட்டு முகத்தை வழித்தார். முடி, மீசை, புருவம் எல்லாம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தன. மரம் நல்ல மரம், வீணாக்க மனமில்லை. அதன் மேலேயே சைக்கிளைச் செதுக்கினார். உயரம் குறைந்ததற்கு அடியில் அட்டை ஒட்டிச் சரிசெய்தார். படகும் விளக்கும் மறுநாள் முடிந்தன. சைக்கிள் வேட்பாளர் பிளாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிரமாதம், எங்கே செய்தது என்று கேட்டார்.

"மெட்ராஸ்" என்றார் ஆத்மநாதன்.

மார்ச்சில் ஓட்டுப்பதிவு நடந்தது. சித்திரையில் மலையாண்டி மறுபடியும் ஆடு ஓட்டத் தொடங்கினார், விராலிமலைப் பக்கம். அங்கே அந்த நோட்டீஸ் ஒட்டப்படவில்லை.